ஓடிக்கொண்டிருந்த பைக் பாதி வழியில் நின்றால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. திண்டிவனம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மச்சானோடு நிறைய ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவன். ஒரு 100 சிசி வண்டியைப் பதினெட்டு வருடம் ஓட்டிவிட்டு இப்போது பிஎஸ்6 (புதிய புகை மாசு விதி) வண்டிக்கு மாறியிருக்கிறேன். தெரிந்தவர்கள் ரோட்டோரத்திலிருந்து போன் போட்டு “வண்டி நின்னுடுச்சு, என்ன பண்றது?” என்று கேட்கும்போது சொல்கிற பதில்களைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பழைய முறை) வண்டிக்கும் எஃப்ஐ (கம்ப்யூட்டர் சொல்ல இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வண்டிக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 விதி வந்த பிறகு வாங்கிய வண்டி என்றால் அநேகமாக உங்களுடையது எஃப்ஐ.

ஓடும்போதே இன்ஜின் நின்றுவிட்டது. அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும்?

கிளட்சைப் பிடியுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். கியரில் இருக்கும் வண்டியில் இன்ஜின் நின்றால் அது பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். கிளட்ச் பிடித்துவிட்டால் வண்டி தன்பாட்டுக்கு உருளும். 60-ல் போய்க்கொண்டிருந்த வண்டி சமதளத்தில் நூறு மீட்டருக்கு மேலேயே உருளும். அந்த உருட்டலிலேயே இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, இடது ஓரத்துக்கு வந்துவிடலாம்.

கார் இன்ஜின் நின்றால் பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பைக்கில் அந்தப் பயம் வேண்டாம், பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும். வண்டியின் கரண்டே மொத்தமாகப் போயிருந்தால் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) மட்டும் வேலை செய்யாது. அதனால் சடாரென்று அழுத்தாமல் மெல்லப் பிடியுங்கள்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். வண்டி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பிளக்கைக் கழற்றிக்கொண்டிருப்பவரை ராத்திரியில் லாரிக்காரருக்குத் தெரியாது. 1033 நெடுஞ்சாலை உதவி எண்.

ஓரங்கட்டியாச்சு. எதிலிருந்து ஆரம்பிப்பது?

நம்மில் முக்கால்வாசிப் பேர் கிக்கரிலிருந்து ஆரம்பிப்போம். இருபது உதை உதைத்து, சட்டை நனைந்து, பிளக்கும் பெட்ரோலில் நனைந்து, சின்னக் கோளாறு பெரிய கோளாறாகிவிடும். அதற்குப் பதில் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள்: வண்டி எப்படி நின்றது?

சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே வெட்டில், முன்னறிவிப்பே இல்லாமல் நின்றதா? அநேகமாகக் கரண்ட் கோளாறு.

விக்கல் எடுத்து, முன்னும் பின்னும் இழுத்து, ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்னும் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நின்றதா? பெட்ரோல் சரியாகப் போகவில்லை.

இழுவை குறைந்து, இன்ஜின் கனத்து, சூட்டு வாடையும் புது மாதிரிச் சத்தமும் வந்து நின்றதா? இன்ஜினுக்குள் விவகாரம். இந்த மூன்றாவதில் கிக்கரைத் தொடவே கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் தேட வேண்டிய இடம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பட்டறைக்காரர்கள் “எப்படி நின்னுச்சு?” என்று கேட்பது பேச்சுக்காக இல்லை.

சொல்ல வெட்கமாக இருக்கும் காரணங்கள் உண்டா?

நிறைய. கில் சுவிட்ச் (ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) கை பட்டு ஆஃப் ஆகியிருக்கும், அல்லது முன்னால் உட்கார்ந்த குழந்தை அமுக்கியிருக்கும். பெட்ரோல் டேப்பை ராத்திரி மூடிவிட்டுக் காலையில் திறக்க மறந்திருப்போம். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோலில் வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடிவிட்டு நிற்கும். சோக்கை எடுத்துவிட மறந்திருப்போம். பெட்ரோல் காலியாகியிருக்கும், முள் அரை டேங்க் காட்டும், ஆனால் அது போன வருடத்திலிருந்தே அப்படித்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

சாவியையும் பாருங்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் பூட்டு, ஒரு குட்டி முருகர் என்று கால் கிலோ கொத்து தொங்கினால், பழைய வண்டியில் பள்ளத்தில் குதிக்கும்போது அதுவே சாவியைத் திருப்பிவிடும்.

மீட்டர் லைட், ஹாரன் எதுவுமே வேலை செய்யவில்லை. மொத்தமும் செத்துவிட்டது.

இது உண்மையில் நல்ல செய்தி. எல்லாமே ஒன்றாகப் போனால் எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு: பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், சாவி சுவிட்ச்.

சைடு கவரையோ சீட்டையோ கழற்றி பேட்டரி டெர்மினலை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் திருகை இறுக்குங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் சுரண்டிவிடுங்கள். அடுத்து ஃபியூஸ். பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸ் பெட்டிக்குள்ளேயே உபரி ஃபியூஸ் ஒன்று இருக்கும், அதை யாரும் பார்ப்பதே இல்லை. உருகியது எத்தனை ஆம்பியரோ அதே அளவைத்தான் போட வேண்டும். சிகரெட் அட்டையின் ஜிகினாத் தாளைச் சுருட்டி வைத்து வீடு வந்து சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். வயர் உருகி சீட்டுக்கு அடியில் புகை வந்த ஒருவரையும் தெரியும்.

புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ வயர் தேய்ந்து ஃபிரேமில் உரசுகிறது. மூன்றாவது ஃபியூஸ் போடாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள்.

லைட்டெல்லாம் எரிகிறது. ஆனால் ஒரே வெட்டில் நின்றது, ஸ்டார்ட் ஆகவில்லை.

பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் பிளக் கேப்பைத் தொட்டுப் பாருங்கள். குலுங்கிக் குலுங்கி அது பாதி கழன்றிருப்பது சகஜம். அழுத்திப் பொருத்தினால் வேலை முடிந்தது.

இல்லையென்றால் பிளக்கைக் கழற்றி, கேப்போடு சேர்த்து, அதன் உலோகப் பகுதி இன்ஜின் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்துக் கிக்கரை மிதியுங்கள். கையால் ரப்பர் கேப்பை மட்டும் பிடியுங்கள். உலோகம் இன்ஜினில் படாமல் மிதித்தால் ஷாக் அடிக்கும், பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியும் கெடலாம். பக்கத்தில் பெட்ரோல் கொட்டியிருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். எஃப்ஐ வண்டியில் இதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

நீலப் பொறி ‘டிக் டிக்’ என்று வந்தால் கரண்ட் பக்கம் சரி. மஞ்சளாக, சோகையாக வந்தாலோ வரவே இல்லையென்றாலோ பிளக்கை மாற்றிப் பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் கேப், காயில் (பொறிக்கான கரண்டை ஏற்றித் தருவது), சிடிஐ, பல்சர் காயில் (பொறி விழ வேண்டிய நேரத்தைச் சொல்வது) என்று சங்கிலி போகும், அதெல்லாம் பட்டறை வேலை.

கழற்றிய கையோடு பிளக்கின் நுனியையும் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் ஆரோக்கியம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் எரிகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசையோடு கருப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, இன்ஜின் சூடாகிறது. பல பேர் பிளக்கைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள், பார்க்க மாட்டார்கள்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் நின்றுவிடுகிறது.

ஹேண்டில் கழுத்தில் வயர் அறுந்திருக்கிறது. வருடக்கணக்கில் இடமும் வலமும் மடங்கி மடங்கி, மேலே பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி மட்டும் அறுந்திருக்கும். நேராகப் போனால் இரு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், யூ டர்ன் அடித்தால் விலகும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டார்ட்டில் வைத்து, ஹேண்டிலைக் கடைசி வரை இடதும் வலதும் மெல்லத் திருப்பினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். திருப்பும்போது ஆஃப் ஆகாமல் ரேஸ் ஏறினால் அது வயர் இல்லை, ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. அதையும் விட்டுவைக்காதீர்கள்.

விக்கி விக்கி நின்றது. பெட்ரோல் இருக்கிறது. பிறகென்ன?

டேங்கில் பெட்ரோல் இருப்பது வேறு, இன்ஜினுக்கு அது போய்ச் சேர்வது வேறு. கார்புரேட்டர் வண்டியில் டேப்பை ரிசர்வுக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் கார்புரேட்டருக்கு அடியில் கிண்ணத்தின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். இன்ஜின் சூடு ஆறிய பிறகு, கீழே ஒரு பாட்டில் மூடியைப் பிடித்துக்கொண்டு அதைத் தளர்த்துங்கள். பெட்ரோல் நிற்காமல் ஒழுகினால் டேங்கிலிருந்து வரத்து சரி, ஜெட்டில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் குட்டித் துளை) தூசி இருக்கலாம். நாலு சொட்டு சொட்டிவிட்டு நின்றால் மேலே அடைப்பு: டேப், ஃபில்டர், மடங்கிப்போன டியூப், அல்லது டேங்க் மூடி. மூடியைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன், அது ஒரு தனிக் கதை.

பெட்ரோல் நிஜமாகவே அடிமட்டத்தில் இருந்தால் ஒரு வித்தை. டேங்கின் அடிப்பக்கம் நடுவில் ஃபிரேம் போவதற்காக மேடாக இருக்கும். கடைசிப் பெட்ரோல் அந்த மேட்டுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து தேங்கும், டேப் இருப்பதோ ஒரு பக்கம். வண்டியை டேப் இருக்கும் பக்கம் நன்றாகச் சாய்த்துச் சில நொடி பிடித்தால் எதிர்ப் பக்கத்துப் பெட்ரோல் மேட்டைத் தாண்டி வந்துவிடும். இரண்டு கிலோமீட்டராவது போகலாம்.

அரை மணி ஓடினால் நிற்கிறது. பத்து நிமிடம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. மெக்கானிக்கிடம் காட்டினால் நன்றாக இருக்கிறது என்கிறார்.

இதுதான் எனக்கு வரும் கேள்விகளிலேயே அதிகம். பணம் அதிகம் வீணாவதும் இதில்தான். என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பழைய வண்டிக்கு ஒரு தீபாவளிச் சமயத்தில் இந்த நோய் வந்தது. செங்கல்பட்டு தாண்டினால் விக்கும், மதுராந்தகம் ஏரிக்கரை வருவதற்குள் நின்றுவிடும். டீ குடித்துவிட்டு வந்து மிதித்தால் முதல் உதையிலேயே ஸ்டார்ட். ஊரில் ஒரு கடையில் பிளக் மாற்றினார்கள். அடுத்த வாரம் காயில். அதற்கடுத்த வாரம் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். மறுபடி அதே ஏரிக்கரை.

கடைசியில் மச்சான் பட்டறையில், வண்டி விக்கி நிற்கும் வரை ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார். நின்ற இடத்திலேயே டேங்க் மூடியைத் திறந்தார். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தது. மிதித்தார், ஸ்டார்ட் ஆனது. தீபாவளிக்கு ஆசையாகப் போட்டிருந்த புது ரெக்சின் டேங்க் கவரைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் என்ன ஆகும்? குபுக் குபுக் என்று கொஞ்சம் வரும், அப்புறம் நிற்கும். இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் சீராக வரும். டேங்க் மூடியிலும் அப்படி ஒரு காற்றுத் துளை இருக்கிறது. தூசியோ பாலிஷ் மெழுகோ அடைத்தாலும், இறுக்கமான கவர் மூடினாலும், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுவிடும். பத்து நிமிடத்தில் கசிவு வழியாகக் காற்று உள்ளே போய்ச் சமமாகும், வண்டி ‘குணமாகிவிடும்’.

ஆனால் இந்த ‘சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்’ அறிகுறிக்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றும் வெளியில் ஒரே மாதிரித் தெரியும். பிரித்தறிய ஒரே வழி, நின்ற முதல் இரண்டு நிமிடத்துக்குள் பார்ப்பது.

முதலில் மூடியைத் திறவுங்கள். காற்று இழுத்து வண்டி கிளம்பினால் காற்றுத் துளை.

மாற்றமில்லையென்றால் உடனே பிளக் பொறி. பொறி இல்லையென்றால் பல்சர் காயில், இக்னிஷன் காயில், சிடிஐ இவற்றில் ஒன்று சூட்டில் கைவிடுகிறது. பல்சர் காயில் மேக்னட் கவருக்குள் இன்ஜின் சூட்டிலேயே உட்கார்ந்திருப்பது. உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி. எங்காவது விரிசல் இருந்தால் சூட்டில் விலகும், ஆறினால் சேரும். ஆறிப்போன வண்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி என்றுதான் காட்டும். “நல்லாத்தான் இருக்கு” என்று மெக்கானிக் சொல்வது பொய் இல்லை, அவர் பார்க்கும்போது அது நன்றாகத்தான் இருக்கிறது.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் கிக்கர் வழக்கத்தைவிட லேசாக, எதிர்ப்பே இல்லாமல் இறங்குகிறதா? டேப்பட் (வால்வுக்கு விடும் இடைவெளியைச் சரிசெய்யும் இடம்) இறுக்கமாக இருக்கலாம். சூட்டில் வால்வு நீளும். இடைவெளி போதாவிட்டால் அது முழுதாக மூடாது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கிய காற்றின் அழுத்தம்) வெளியேறிவிடும். டேப்பட் சத்தம் பிடிக்காமல் “சத்தமே வரக்கூடாது” என்று கேட்டு இறுக்கச் சொன்ன வண்டிகளில் இது வரும்.

எஃப்ஐ வண்டியில் கார்புரேட்டரே இல்லையே. அதில் எதைப் பார்ப்பது?

காதைத் தீட்டிக்கொண்டு சாவியை ஆன் செய்யுங்கள். டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி ‘உய்ங்’ என்று பெட்ரோல் பம்ப் சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் கில் சுவிட்ச், ஃபியூஸ், பேட்டரி, கடைசியாகப் பம்ப். இந்தச் சத்தத்தை வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, பிறகு அணைய வேண்டும். அணையாமலோ சிமிட்டிக்கொண்டோ இருந்தால் வண்டியே கோளாறைச் சொல்கிறது. பல வண்டிகளில் எத்தனை நீண்ட சிமிட்டல், எத்தனை குட்டிச் சிமிட்டல் என்பதுதான் கோளாறின் எண். போனில் வீடியோ எடுத்து வையுங்கள், சர்வீஸில் காட்டினால் பாதி வேலை மிச்சம்.

பேட்டரி விஷயத்தில் எஃப்ஐ வண்டி கறார். பழைய வண்டிகளில் பல, பேட்டரி செத்தாலும் கிக்கர் அடித்தால் ஓடும். எஃப்ஐ-யில் பம்ப், இன்ஜெக்டர், கம்ப்யூட்டர் எல்லாம் கரண்ட் கேட்கும். ஓடும்போது சார்ஜ் ஏறாவிட்டால் இருக்கிறதைத் தின்று தீர்த்துவிட்டு ஓட்டத்திலேயே நிற்கும். அதற்கு முன் ஹாரன் கம்மியிருக்கும், செல்ஃப் இழுத்திருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12-லேயே நின்றால் சார்ஜிங் இல்லை: ரெகுலேட்டர், அல்லது அதற்குப் போகும் கப்ளர் (வயர் இணைப்பு).

வண்டி ஒருமுறை கீழே விழுந்து எழுந்து ஸ்டார்ட் ஆகவில்லையா? சாய்வு சென்சார் இன்ஜினை வெட்டியிருக்கும். சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள், போதும்.

பெட்ரோல் சுத்தமாகத் தீர்ந்து நின்றிருந்தால் இரண்டு லிட்டராவது ஊற்றி, சாவியை மூன்று நாலு தடவை ஆன் ஆஃப் செய்து பம்ப்பை ஓடவிட்டு அப்புறம் செல்ஃப் போடுங்கள். அந்தப் பம்ப் பெட்ரோலில் முழுகியிருந்து அதனாலேயே குளிர்கிறது. எப்போதும் கடைசிக் கட்டையிலேயே ஓட்டுகிறவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போகும்.

நியூட்ரலில் ஓடுகிறது. கியர் போட்டதும் ஆஃப்.

சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். ஸ்டாண்ட் மேலே இருந்தாலும் சேறு அப்பி சுவிட்ச் கீழே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தண்ணீர் அடித்துக் கழுவி, ஸ்டாண்டைப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். இன்னும் ஆஃப் ஆனால் சுவிட்ச் மாற்ற வேண்டும்.

சிக்னலில் பிரேக் பிடித்து நின்றால் ஆஃப் ஆகிறது. ஓட்டத்தில் பிரச்சினை இல்லை.

ஐடிலிங் (ஆக்சிலேட்டரை முறுக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) குறைவு. ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் சூடான இன்ஜினில் 1,400 பக்கம் நிற்கிறதா பாருங்கள், சின்ன வண்டிகளுக்கு அதுதான் பொதுவான அளவு. கார்புரேட்டர் வண்டியில் ஐடிலிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகும். ஏற்றி ஏற்றியும் தங்கவில்லையென்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் விரிசல் விட்டுக் காற்று இழுக்கிறது. எஃப்ஐ-யில் த்ராட்டில் பாடியில் (இன்ஜினுக்குக் காற்று போகும் வழி) கரி படிந்திருக்கும், சுத்தம் செய்தால் போதும். கிளட்ச் கேபிள் அதிக லூஸாக இருந்தால், லிவரை முழுதாகப் பிடித்தும் கிளட்ச் விடாமல் வண்டியை இழுத்து அணைக்கும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

மழையில் நிற்கிறது.

தூறலிலும் நின்றால் பிளக் கேப்பிலோ பிளக் வயரிலோ விரிசல். கேப்பைக் கழற்றி உள்ளும் புறமும் காய்ந்த துணியால் துடைத்து, ஊதி மாட்டினால் வீடு வரை வரும். அப்புறம் கேப்பை மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை.

தேங்கிய தண்ணீரில் இறங்கி நின்றது வேறு கதை. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முழுகிய வண்டிகளில், தண்ணீர் கெடுத்ததைவிட, வடிந்தவுடன் ஆசையாகச் செல்ஃப் போட்டுக் கெடுத்தது அதிகம் என்று பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். ஏர் ஃபில்டர் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழிவிடாது, கனெக்டிங் ராடு வளையும். ஸ்கூட்டருக்கும் இதேதான்.

அதனால் தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்துக்கு வந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போங்கள். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, மாற்றாமல் ஓட்டக் கூடாது. பிளக்கைக் கழற்றி, கிக்கரை மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, ஃபில்டர் மாற்றி, அப்புறம்தான் ஸ்டார்ட்.

பங்கில் பெட்ரோல் போட்டு ஐந்து நிமிடத்தில் நின்றது. தண்ணீர் கலந்திருக்குமா?

இருக்கலாம். கார்புரேட்டர் கிண்ணத்துத் திருகைத் திறந்து ஒரு தெளிவான பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகக் கோடு போட்ட மாதிரி நிற்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து கீழே தங்கும். பங்க் தப்பு செய்யாவிட்டாலும், மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில், மூடி ரப்பர் போயிருந்தால், இது நம் வீட்டிலேயே நடக்கும்.

பங்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு சொட்டு விட்டு ஆறவிட்டால் கறை தங்கக் கூடாது. ஆனால் அது கலப்படத்துக்கான சோதனை, தண்ணீரைக் காட்டாது. தண்ணீருக்குப் பாட்டில்தான்.

இன்ஜின் கனத்து, பின்சக்கரம் இழுத்துக்கொண்டு நின்றது. கிக்கர் இறங்கவே இல்லை.

பிஸ்டன் ஜாம். சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வியிருக்கிறது. அதனால்தான் கிக்கரைத் தொடக் கூடாது என்று மேலே சொன்னேன். ஆயில் குறைவுதான் வழக்கமான காரணம். 100 சிசி வண்டியின் மொத்த ஆயிலே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், அதில் 300 மில்லி குறைந்தாலே பெரிய குறை.

நிழலில் நிறுத்திக் குறைந்தது அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதிக்கும் உலோகம் விரிசல் விடும். ஆறிய பிறகு ஆயில் பாருங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும், பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் உள்ளே விட்டு எடுத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். கிக்கர் இப்போது இறங்கினாலும் ஊருக்கு ஓட்டிப் போகும் யோசனை வேண்டாம். மினி டெம்போவுக்குக் கொடுக்கும் பணம் சிலிண்டர் கிட்டின் விலையைவிடக் குறைவு.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டு பேர், இரண்டு பை, இரண்டாம் கியர் என்று ஏறும்போது காற்றில் குளிரும் இன்ஜினுக்குக் காற்றே கிடைக்காது. நடுவில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். நமக்கும் முதுகு வலிக்கும்தானே.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

பேட்டரி மட்டும் பலவீனம் என்றால் செய்யலாம். சாவி ஆன், இரண்டாம் கியர், கிளட்ச் பிடித்துத் தள்ளி, வேகம் வந்ததும் கிளட்சை விட்டு, பிடித்ததும் மறுபடி அமுக்க வேண்டும். முதல் கியரில் சக்கரம் இழுத்து நின்றுவிடும். எஃப்ஐ-யில் பேட்டரி அடியோடு செத்திருந்தால் ஊரே சேர்ந்து தள்ளினாலும் வராது. ஜாம் ஆன வண்டியையும் தண்ணீர் புகுந்த வண்டியையும் தள்ளி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள்.

வண்டியில் என்னென்ன வைத்துக்கொள்வது?

ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், இரண்டு ஃபியூஸ், ஒரு துண்டு எமரி பேப்பர், பழைய பனியன் துணி, சின்ன டார்ச். எல்லாம் சைடு கவருக்குள் அடங்கும். பிளக் ஸ்பேனர் உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். என்னுடையது பொருந்தாது என்பதை மேல்மருவத்தூரில் ராத்திரி பத்து மணிக்குத் தெரிந்துகொண்டேன்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

“மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே, என்னன்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு வந்தால், அவரும் பிளக்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டுதான் வருவார். எப்போது நின்றது, எப்படி நின்றது, நின்றபின் எது வேலை செய்தது, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஓடியது, அதற்குமுன் வண்டியில் என்ன வேலை பார்த்தீர்கள், இதையெல்லாம் சொல்லுங்கள். ஒரு மாதிரி:

“அண்ணே, நாப்பது நிமிஷம் ஓட்டினா விக்கி விக்கி நிக்குது. லைட், ஹாரன் எல்லாம் இருக்கு. டேங்க் மூடியத் தெறந்து பாத்தேன், காத்து இழுக்கல. நின்ன உடனே பிளக் கழட்டிப் பாத்தேன், நீலமா கரண்ட் வருது. கிக்கர் மட்டும் லேசா எறங்குது. ஆறினா சரியாயிடுது. போன மாசம் டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணாங்க.”

இதைக் கேட்டதும் மச்சான் கார்புரேட்டர் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டார். டேப்பட் கவரைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துவிடுவார்.